குடாவின் மேல் ஒரு நேர்கோடு

எழுபதுகளின் நடுப்பகுதியில், பட்டப்படிப்பு முடிந்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கிராமங்களின் சுகாதார நிலையை ஆராயும் அரசாங்க ஆய்வொன்றில் தகவல் சேகரிப்பது. பேக்கரி வாசலில் பாண் வாங்க விடியுமுன்னே வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம் அது. நாட்டில் மிஞ்சியிருந்த பணத்தில் எந்த ஊருக்குப் பிரசவ அறை கட்டுவது என்பதை எங்கள் அறிக்கையை வைத்தே முடிவு செய்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த மாடி அறையொன்றே எங்கள் அலுவலகம்.

எனக்கு ஒதுக்கப்பட்டது துறைமுகத்தை அடுத்த கடற்குடாவின் மறுகரை. லோஞ்ச் எனும் இயந்திரப் படகில் மூதூருக்குப் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் கிளிவெட்டியையும் தாண்டினால் வரும் ஒரு வயற்கிராமம். முதல் நாள் என் கையிலிருந்த படிவக் கட்டைப் பார்த்த லோஞ்ச்காரர், "தங்கச்சி, நோய் வருத்தத்தைக் கணக்கெடுக்கிறீங்கள், சரி. காத்தையும் கணக்கெடுப்பீங்களோ?" என்று கேட்டார். ஏறியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கிராமத்தில் அரசாங்க மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். ஊர் முழுவதும் அவரை அக்கா என்றே அழைத்தது. இலகுவான பிரசவங்களை வீடுகளிலேயே பார்த்தார். சிக்கலானவற்றைத் திருகோணமலைப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அனுப்புவதென்றால் லோஞ்ச் ஓட வேண்டும். வாடைக்காற்று எழுந்தால் அது ஓடாது. கடற்படைக் கப்பல்கள் பயிற்சிக்கு வந்து குடாவை மூடினாலும் ஓடாது. தரைவழியோ பெருஞ்சுற்று, இடையிடையே மிதவைகளில் ஏறி ஆறுகளைக் கடக்க வேண்டும். லோஞ்ச் ஓடாத ஒவ்வொரு நாளையும், ஓடாத காரணத்தையும், அவர் ஒரு வருடமாக அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதி வைத்திருந்தார். பழஞ்சேலைத் துண்டில் சுற்றியிருந்த அதை என்னிடம் தந்தார்.

"வேறொண்டும் கேக்கேல்லைப் பிள்ளை. ரெண்டு கட்டில் போட ஒரு அறை. இதைக் காட்டினா விளங்கிக்கொள்ளுவினம்."

அன்று நான் தகவல் கேட்ட வீடுகளில் ஒன்றில், கலியாணமாகி ஒரு மாதமும் ஆகாத பெண்ணொருத்தி இருந்தாள். பிள்ளையை எங்கே பெறுவதாக எண்ணம் என்பது படிவத்திலிருந்த கேள்வி. அவள் வெட்கப்பட்டுக் கதவின் பின்னால் நின்றுகொண்டு, அக்கா கட்டுவிக்கப் போகும் அறையில் முதலாவதாகப் படுக்கப் போவது தான்தான் என்றாள். அந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் கொழும்பிலிருந்து வந்த பொருளியலாளர். குரலை உயர்த்தாதவர்; யாரோடு கதைப்பதென்றாலும் முதலில் கதிரை தந்து இருத்துபவர். நான் கொடுத்த கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பிறகு, குடா எந்தெந்த நாளில் மூடப்படுகிறது என்பது அச்சில் வரக்கூடாது, துறைமுகம் நாட்டின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது என்று மெதுவாக விளக்கினார். கொப்பியைக் கடித உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து மேலிடத்துக்கு அனுப்பினார். அப்படியானால் நான் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"தூரத்தை மட்டும் போடுங்கோ. தூரம் இரகசியமில்லை."

படிவம் கேட்டது ஆஸ்பத்திரிக்கான மிகக் குறுகிய தூரம். சுவரிலிருந்த வரைபடத்தில் முதலில் தரைவழியே அளந்தேன். அந்த அளவின்படி கிராமம், ஆஸ்பத்திரிக்கு அண்மை என்று ஆய்வு வகுத்திருந்த தூர எல்லைக்கு வெகு வெளியே இருந்தது, அறை கிடைத்திருக்கும். பிறகு அடிமட்டக் கோலைக் குடாவின் மேல் நேராக வைத்தேன். நீலநிறத்தின் மேல் அது சிறிய தூரம். எல்லைக்கு உள்ளே வந்தது. கேட்ட கேள்விக்கு அதுவே பிழையற்ற விடை. காற்றையும் கப்பல்களையும் அறிந்திருந்த நான் அதையே, எல்லாரும் மெச்சும் என் கையெழுத்தில் எழுதினேன். என்னிலும் அதிகம் கற்றவர்கள் மேலே இருக்கிறார்கள், அவர்கள் கவனிப்பார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அறிக்கையில் அக்கிராமம், ஆஸ்பத்திரிக்கு அண்மையிலுள்ளவை என்ற பட்டியலில் இருந்தது. அறை கட்டப்படவில்லை.

இரண்டு வருடங்களின் பின், மாரிகாலத்தில், பட்டினத்து இறங்குதுறையில் லோஞ்ச்காரரைக் கண்டேன். அக்காவின் அறையில் முதலாவதாகப் படுக்கப் போவதாகச் சொன்ன அந்தப் பெண்ணைப் பற்றி அவரே சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முதற்பிரசவம். காலையில் மூதூர்த் துறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். குடாவில் கப்பல்கள் நின்றன. மாலைவரை காத்திருந்துவிட்டுத் தரைவழியே புறப்பட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஆற்றங்கரையில், மிதவை மறுபக்கத்திலிருந்து வருமுன் அவளுடைய மூச்சு நின்றுவிட்டது. பிள்ளை பிறக்கவேயில்லை.

அடுத்த கிழமை நான் அக்கிராமத்துக்குப் போனேன். அன்று காற்றினால் லோஞ்ச் பிந்தியது. நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. மருத்துவிச்சி பாயை விரித்து இருக்கச் சொன்னார். சீனி இல்லாத தேநீரும் பனங்கட்டித் துண்டும் தந்தார். வழிநெடுக யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"அந்தத் தூரத்தை அளந்தது நான்தான், அக்கா."

அவர் அடுப்பிலிருந்த கேத்திலை இறக்கி வைத்தார். பிறகு சொன்னார்:

"அளவு பிழையில்லைப் பிள்ளை. அவளுக்குத்தான் அந்த வழியால போக ஏலாமப் போச்சுது."

எழுந்து போய் அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். புதியது, அரைவாசி எழுதி முடிந்திருந்தது. பழையது எங்கே என்று அவர் கேட்கவில்லை. நான் எத்தனை மணிக்குத் துறைக்கு வந்தேன், லோஞ்ச் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று மட்டும் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.