நஜீமா அக்கா கத்தரிக்காயைப் படம் எடுத்த கதை

பெரம்பலூரில் ஒரு கலர் லேபில் நான் எட்டு வருஷம் பிரிண்ட் போட்டேன். என் பெயர் சுதர்சன். எத்தனை ஆயிரம் முகம் என் கைவழியாகப் போயிருக்கும் என்று சொல்லத் தெரியாது. ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒன்றைத்தான்: "கொஞ்சம் வெளுப்பாப் போடுங்க." ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்காரரும் கேட்பார், மீன்சுருட்டியில் நெல் விளைவிக்கிறவரும் கேட்பார். மெஷினில் டென்சிட்டி என்று ஒரு பொத்தான் வரிசை உண்டு. அதில் ரெண்டு குறைத்தால் எந்தக் கருப்பு முகமும் மாவில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜனத்துக்கு அது போதும். எனக்கு அந்த முகங்களைப் பார்த்தாலே குமட்டும். குமட்டிக்கொண்டே போட்டுக் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கூட்டத்தில் வேறு மாதிரி வந்த ஒரே ஆள் லப்பைக்குடிக்காட்டு நஜீமா அக்கா. அவர் வீட்டுக்காரர் ஷேக் தாவூது ஷார்ஜாவில் இருந்தார். ஒரு லீவில் கேமராவும், அதன் தலையில் மாட்டுகிற ஃப்ளாஷும் கொண்டுவந்தார். படம் எடுக்கத் தெரியாமல் பீரோவில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அக்கா அதை எடுத்துத் தானே பழகிக்கொண்டார். அவர்கள் ஊரில் நிக்காஹ் வீட்டில் பெண்கள் இருக்கிற பக்கம் ஆண் போட்டோகிராபர் போக முடியாது. மணப்பெண்ணுக்கே படம் இல்லாத கல்யாணங்கள் அங்கே நிறைய நடந்திருக்கின்றன. அக்கா கேமராவோடு உள்ளே போன பிறகு ஊரே அவரைக் கூப்பிட ஆரம்பித்தது.

ரோலை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டார். பஸ் ஏறி அவரே வருவார். நான் போட்டு முடிக்கிறவரை புர்காவோடு மெஷின் பக்கத்திலேயே நிற்பார். வீணாய்ப் போன பிரிண்டை நாலாகக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொள்வார். "எங்க பொம்பளைங்க படம் தம்பி, ஒண்ணுகூட இங்க கெடக்கக் கூடாது" என்பார். எங்கள் ஓனர் அண்ணாதுரை இதற்கு முகம் சுளிப்பார். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

2003-ல் அக்காவின் நாத்தனார் பர்சானா தன் மகள் ஆஃப்ராவுக்கு மாப்பிள்ளை பார்த்தார். பையன் பெயர் உபைத், துபாயில் வேலை. போட்டோவைப் பார்த்துத்தான் சரி சொல்ல வேண்டும். "நல்லா பளிச்சுன்னு எடு மச்சி" என்று பர்சானா சொல்ல (அண்ணன் மனைவியை அவர்கள் மச்சி என்பார்கள்), அக்கா ஃப்ளாஷை நேராக முகத்தில் அடித்து எடுத்தார். நல்ல மாநிறத்துக்கும் ஒரு படி மேலே கருப்பு அந்தப் பெண். பாதியை ஃப்ளாஷ் வெளுத்தது. மீதியை நான் வெளுத்தேன். அக்கா கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் என் விரல் தானாக ரெண்டு குறைத்தது. அக்காவும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

முத்தின கத்தரிக்காய் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். உபைத் லீவில் வந்தான். பெண் பார்க்க உட்கார்ந்த இடத்தில், பெரியவர்கள் முன்னால், "போட்டோவுல இருந்த பொண்ணு எங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டானாம். அதோடு அந்தச் சம்பந்தம் போனது. ஆஃப்ரா பத்து நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அக்கா லேபுக்கு வந்து அந்தப் போட்டோவை என் முன்னால் வைத்தார்.

"இது யாரு தம்பி?"

நான் படத்தைக் கையில் எடுத்தேன்.

"இவளுக்கு மூக்கு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம். நானும் நீங்களும் சேந்து ஒரு புள்ள மூக்கத் தின்னுட்டோம். த்தூ."

அந்தத் 'த்தூ' எனக்கா அவருக்கா என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்து குவைத்தில் இருக்கும் அன்சார் என்ற பையனின் வீட்டிலிருந்து போட்டோ கேட்டிருக்கிறார்கள் என்றார். இதுவும் இப்படித் திரும்பினால், ரெண்டு இடம் தட்டிப் போன பெண் என்று ஊர் முத்திரை குத்திவிடும்.

ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பரப்பித் தர ஏதாவது வேண்டும் என்று அக்கா தேட ஆரம்பித்தார். முதலில் கைக்குட்டையைச் சுற்றிப் பார்த்தார். வெளிச்சம் குறைந்ததே தவிர முகத்தின் எண்ணெய்ப் பளபளப்பு போகவில்லை. ஃப்ளாஷைச் சுவர் பக்கம் திருப்பி அடித்தார்; அவர்கள் வீட்டுச் சுவர் பச்சை, ஆஃப்ராவும் பச்சையாக வந்தாள். கல்யாண போட்டோகிராபர்கள் வைக்கிற குடையை வாங்கலாம் என்றால், அதற்கு ஸ்டாண்ட் வேண்டும், பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நிக்காஹ் வீட்டில் நாற்பது பெண்களும் குழந்தைகளும் நெருக்கி உட்கார்ந்த அறைக்குள் குடையை எங்கே விரிப்பது? கடைசியில் ஃப்ளாஷ் மேலேயே மாட்டுகிற, சாஃப்ட்பாக்ஸ் என்கிற துணிப்பெட்டிதான் சரி என்று முடிவுசெய்து, ஆஃப்ராவையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போனார். கைப்பையில் ஒரு கத்தரிக்காயும் எடுத்துக்கொண்டார்.

கடைக்காரர் முதலில் ஃப்ளாஷில் கவிழ்க்கிற, தயிர்க் கிண்ணம் அளவு ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தள்ளினார். எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். பெட்டிகளைக் காட்டச் சொன்னபோது ஆஃப்ராவை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இந்தக் கலருக்கு எந்தப் பொட்டி போட்டாலும் ஒண்ணுதான்மா" என்றாராம். காசு வாங்கப்போகிற வாயால் இதைச் சொல்ல முடிகிறது பாருங்கள். இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கலர் வேணும்னு ஒங்கள கேக்கல. இருக்குற பொட்டிய எல்லாம் எடுத்து வைங்க" என்று அக்கா சொல்லியிருக்கிறார். கத்தரிக்காயைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, மூடி ஒன்று, பெட்டி மூன்று, ஒவ்வொன்றையும் மாட்டிப் படம் எடுத்தார். எதை எப்போது மாட்டினார் என்று ஆஃப்ரா ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டாள். "என் மூஞ்சிக்குப் பதிலா இதா மாமி?" என்று கேட்டு, அவமானப்பட்ட பிறகு முதல் தடவையாக அன்றைக்குத்தான் சிரித்தாளாம். எதையும் வாங்காமல் ரெண்டு பேரும் பஸ் ஏறிவிட்டார்கள்.

"கருப்பு, மினுமினுப்பு, வளைவு, மூணும் இதுல இருக்கு தம்பி. இதுக்குச் சரியா விழுற வெளிச்சம் எவளுக்கும் சரியா விழும்" என்று சொல்லி ரோலை என்னிடம் கொடுத்தார். ரோல் முழுக்கக் கத்தரிக்காய். அண்ணாதுரை விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் பிரிண்ட் வந்ததும் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் மூடி போட்ட படத்தில், ஒன்றும் போடாததைப் போலவே காயின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு சுட்டது. சின்னப் பெட்டியிலும் கிட்டத்தட்ட அதே கதை. உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பெட்டி ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் மட்டும் எரித்தது. உள்ளே வெள்ளைத் துணி தைத்த, ஒரு முழ அகலப் பெட்டியில்தான் காயின் ஊதா நிறம் முழுசாக இருந்தது. பளபளப்பு அகலமாகவும் மங்கலாகவும் படிந்திருந்தது. மடித்தால் கைப்பைக்குள் போகும். கனத்தில் ஃப்ளாஷ் தலை கொஞ்சம் தொங்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். "தொங்குனா தொங்கட்டும், ரப்பர் பேண்டு போட்டுக்கறேன்" என்று மறுவாரம் போய் அதையே வாங்கிவந்தார்.

அந்தப் பெட்டியை மாட்டி எடுத்த ஆஃப்ரா படத்தை நான் பிரிண்ட் போட்டபோது அக்கா பக்கத்தில் நின்றார். என் விரல் டென்சிட்டிப் பக்கம் போனது. "கைய எடுங்க. சைபர்ல வைங்க" என்றார். சைபரில் வைத்தேன். மூக்கு இருந்தது, தாடை இருந்தது, நெற்றியில் அம்மைத் தழும்பு ஒன்று இருந்தது. என் எட்டு வருஷத்தில் நான் போட்ட நல்ல படம் அதுதான்.

நாலாம் நாள் பர்சானா வந்தார், கூடவே ஆஃப்ராவும். அக்கா வீட்டு அலமாரியிலிருந்து சொல்லாமல் எடுத்துவந்த நெகட்டிவ் பர்சானா கையில் இருந்தது. "மச்சி என் புள்ள மூஞ்சில கரியப் பூசி வச்சிருக்கா. பழையபடி வெளுப்பாப் போட்டுக் குடுங்க, இன்னிக்கே குவைத்துக்கு அனுப்பணும்" என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. ரெண்டு குறைத்தேன். அதே மாவு முகம் வந்து விழுந்தது. என் கையை நானே வெட்டிப் போடலாம் போல அருவருப்பாக இருந்தது, ஆனாலும் எடுத்து நீட்டினேன்.

ஆஃப்ரா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு முகத்திரைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தப் பொண்ணு எங்கன்னு அவரும் வந்து கேப்பாரு. அப்ப நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

ஆஃப்ரா அதை நாலாகக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள், மாமி கிழிப்பது போலவே. சைபர் படம்தான் குவைத்துக்குப் போனது.

ஆறு மாதம் கழித்து அக்கா நிக்காஹ் ரோல்களோடு வந்தார். அன்சார் வந்து பார்த்தபோது என்ன சொன்னான் என்று கேட்டேன். "போட்டோவுல இருக்குற புள்ளதான்னு சொன்னான். வேற என்ன சொல்றது?" என்றார். என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

மணமக்கள் சேர்ந்து நிற்கிற படம் திரையில் வந்தபோது அக்கா கொஞ்சம் தயங்கினார். "மாமியார்க்காரி சொல்லிவிட்டிருக்கு தம்பி. சொந்தக்காரங்க பாக்குற ஆல்பமாம். பொண்ண மட்டும் கொஞ்சம் வெளுத்துப் போடணுமாம்."

இந்த ஜனம் திருந்தாது என்று வாய்வரை வந்தது. "ஆஃப்ராவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவகிட்டதான் நேராவே சொன்னாங்க. இவ மாமியார்கிட்ட, சரி மாமி, ஒங்க மகனையும் சேத்து வெளுக்கச் சொல்லுங்க, அவரும் என் கலருதானேன்னுட்டா."

திரையைத் திரும்பப் பார்த்தேன். ஆமாம், ரெண்டு பேரும் ஒரே கருப்பு. டென்சிட்டியைச் சைபரில் வைத்து, அக்கா சொல்லாமலே, பிரிண்டை அழுத்தினேன்.