இராவணனுக்குத் தடிமன் பிடித்த கதை

பவளம் அக்கா போய்விட்ட செய்தி என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. அவர் தாதியாக வேலை பார்த்த முதியோர் மருத்துவமனையின் தலைமைத் தாதி பேசினார். காலையில் ட்ராம் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவர் பிறகு கண் திறக்கவில்லையாம். அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'தம்பி' என்று போட்டிருந்தாராம். நான் அவருடைய தம்பி அல்ல. இரண்டு வருடங்களாக அவரோடு முகம் கொடுத்துப் பேசியதும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மெல்பேணுக்கு வந்தபோது இங்கே தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. கோயில் கிடையாது. சனிக்கிழமைகளில் எனக்கும் மனைவிக்கும் வேலை. கோபர்க் பகுதியில் தனியாக இருந்த பவளம் அக்கா, நாங்கள் கேட்காமலேயே, "பிள்ளையை என்னட்டை விட்டிட்டுப் போங்கோ" என்றார். கொஞ்சக் காலத்தில் அவருடைய முன்னறையில் ஆறு பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

ஒருநாள் என் மகள் சாந்தியைக் கூட்டிவரச் சற்று முன்னதாகவே போய்விட்டேன். உள்ளே பவளம் அக்கா சொல்லிக்கொண்டிருந்த கதையில் இராவணனுக்குத் தடிமன். பத்து மூக்கும் ஒழுகுகிறது. மண்டோதரியிடம் இருப்பதோ ஒரே ஒரு லேஞ்சி. பத்தாவது மூக்கைத் துடைத்து முடிக்கும்போது முதல் மூக்கு மறுபடி ஒழுகத் தொடங்குகிறது. போர் என்று அறிவிக்க எழுந்தவன் பத்து வாயாலும் தும்மியதில் மகுடங்கள் உருண்டு ஓடுகின்றன. கடைசியில் அசோகவனத்திலிருந்து சீதை மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தனுப்புகிறாள். "சிறைவைச்சவனுக்கு ஏன் குடுத்தவ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பவளம் அக்கா சிரிக்காமல் சொன்னார்: "வருத்தக்காரன் வருத்தக்காரன்தானே, ராசாத்தி."

நோயாளி யாராயினும் பார்க்கும் தாதி அவர் என்பதை அந்தப் பதிலில் நான் கேட்டிருக்க வேண்டும். அன்று எனக்குக் கதை எல்லை மீறுவதாக மட்டுமே பட்டது. வெளியே வரும்போது, "அக்கா, இப்பிடியெல்லாம் புராணத்திலை இல்லையே" என்றேன்.

"இல்லைத்தான். பிள்ளையள் முதல்லை சாமியோடை கூட்டாளியாகட்டும், தம்பி. கும்பிடுறது பிறகு வரும்."

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு ஒரு மண்டபத்தில் கூடியபோது, ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளை வரிசையாக இருத்திக் கேள்வி கேட்டார். சீதை அசோகவனத்தில் என்ன செய்தாள் என்று சாந்தியிடம் கேட்டார். "மல்லித்தண்ணி அவிச்சவ" என்று அவள் பெருமையாகச் சொன்னாள். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுதானோ இஞ்சை பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறியள்?"

எனக்கு முகம் எரிந்தது. பிரசாதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பவளம் அக்காவிடம் போய், எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "எங்கட சாமியளைப் பகிடி பண்ணாதேங்கோ. இனி என்ரை பிள்ளை உங்கட வீட்டுக்கு வரமாட்டாள்."

அவர் கையிலிருந்த தட்டை அடுக்கின்மேல் வைத்தார். "ஓம் தம்பி. நீர் தேப்பன். நீர் சொன்னால் சரி." பிறகு மீதித் தட்டுகளையும் அடுக்கிவைத்துவிட்டு, சாந்தியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அடுத்த மாதத்துக்குள் மற்றக் குடும்பங்களும் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் நிறுத்தினீர்கள். அதனால் இதில் உங்களைவிட எனக்குப் பங்கு அதிகம்.

நானே படிப்பிக்கிறேன் என்று புறப்பட்டேன். ஞாயிறு தோறும் சாந்தியை இருத்தித் தேவாரம் மனனம் செய்வித்தேன். பிழையில்லாமல் ஒப்புவித்தாள், ஒருநாளும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏழு மாதத்தில், இன்னும் எத்தனை பாட்டு இருக்கிறது என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

போன மாரியில் சந்தையில் பவளம் அக்காவைக் கண்டேன். மெலிந்திருந்தார். "பிள்ளை சுகமோ?" என்று கேட்டார். "ஓம், சுகம்" என்றேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திருக்காது. அவசரம் என்று சொல்லி நகர்ந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இருக்கவில்லை.

தகனத்துக்கு முப்பது பேர்வரை வந்திருந்தோம். முடிந்து காரில் திரும்பும்போது, பின்னால் இருந்த சாந்தி சொன்னாள்.

"அப்பா, கடைசியா பவளம் அன்ரி அனுமார் கதை சொன்னவ. கடலுக்கு மேலை பாயேக்கை நிப்பாட்டினவ. மிச்சம் அடுத்த சனிக்கிழமை எண்டவ."

அந்தச் சனிக்கிழமை வரவில்லை. "அனுமார் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தவர், பிள்ளை. சீதையையும் கண்டவர்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அன்ரி அதை எப்பிடிச் சொல்லியிருப்பா?"

அன்றிரவும் அடுத்த நாளும் யோசித்துப் பார்த்தேன். என்னால் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. பவளம் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது என் மகளின் இந்தக் கேள்விதான்.