நாற்பத்தெட்டும் எண்பத்துநாலும்

யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் நேர்ஸாக இருந்தவள் நான். கோப்பன்ஹேகனுக்கு வந்த பிறகு அதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரி வாட்டில் தரை துடைத்தேன். என் சான்றிதழைப் பார்த்தவர்கள் முதலில் டேனிஷ் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். சரி, படித்தேன். காலையில் வாட்டு, பின்னேரம் வகுப்பு. தரை துடைக்கிறேன் என்று நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. கட்டிலுக்குக் கீழே குனிந்து துடைக்கும்போதே எந்த நோயாளிக்குக் கால் வீங்கியிருக்கிறது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் என் கண்ணில் பட்டுவிடும். அது இதய நோயாளிகளின் வாட்டு. அதன் தலைமைத் தாதிக்கு என் பழைய தொழில் தெரியும். தமிழ் நோயாளி யாராவது வந்தால் துடைப்பத்தை வைத்துவிட்டு மொழிபெயர்க்க வரச் சொல்வார்.

அப்படித்தான் மன்னாரிலிருந்து வந்த ஒரு அண்ணையைச் சந்தித்தேன். நாற்பத்தாறு வயது. ஊரில் கடல் தொழில், இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. இதயம் பலவீனமாகி, கால்கள் வீங்கி, நாலு படி ஏற முடியாமல் வந்து சேர்ந்தவர். மூன்று கிழமையில் ஓரளவு தேறினார். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று டொக்டர் கட்டிலடியில் வந்து நின்றார்.

"வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேள்" என்றார் என்னிடம்.

கேட்டேன்.

"மனிசியும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும்" என்றார் அண்ணை.

நான் சொன்னதும் டொக்டர் திருப்தியோடு எழுதத் தொடங்கினார். எனக்கு ஏதோ இடித்தது. பார்வை நேரத்தில் இவரிடம் ஒருவரும் வந்து நான் கண்டதில்லை.

"அண்ணை, அவை எங்கை இருக்கினம்?"

"மன்னாரிலை. வேறை எங்கை?"

அவர் பொய் சொல்லவில்லை. வீடு என்றால் அவருக்கு அதுதான். இஷொய் என்ற புறநகரில் இருந்த ஒற்றை அறையைப் படுக்கிற இடம் என்று மட்டும்தான் சொல்வார். கூட இருந்த இரண்டு பேரும் மீன் தொழிற்சாலை வேலைக்காக எஸ்பியர்க் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடையது மட்டும் இல்லை, எங்கள் ஆட்கள் எல்லோருடைய விண்ணப்பங்களும் அசையாமல் கிடந்த காலம் அது. அமைச்சரே அவற்றை நிறுத்தி வைத்தார் என்று பிறகு நாடு முழுக்கக் கதைத்தார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தபால்பெட்டி வெறுமையாக இருக்கிறது என்பதுதான்.

டொக்டர் எழுதியதை வெட்டினார். தனியாக இருக்கும் ஆளை அனுப்ப அவருக்கு மனமில்லை, வாட்டில் வைத்திருக்கக் கட்டிலும் இல்லை. தலைமைத் தாதிதான் வழி சொன்னார். ஆஸ்பத்திரி ஒரு நிறை பார்க்கும் மெஷினைக் கொடுத்துவிடும். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதரைக்குத் தாதி அவருடைய வீட்டுக்கு டெலிபோன் எடுப்பார். நிறை எவ்வளவு, நாடி எவ்வளவு, கால் வீக்கமா என்று கேட்பார். நிறை ஏறினால் உடம்பில் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம். நாடி குறைந்தால் அன்றைக்கு இதயக் குளிசையைப் போடக்கூடாது. போடலாமா வேண்டாமா என்பதைத் தாதி டெலிபோனிலேயே சொல்லிவிடுவார்.

நாடி பிடிக்க நான்தான் பழக்கினேன். மணிக்கட்டில் விரல் வைக்கும் இடம், மணிக்கூட்டின் செக்கன் கம்பி ஒரு முழுச் சுற்று வரும்வரை எண்ணுவது எல்லாம் அரை மணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டார். வலை இழுத்த விரல்கள் என்றாலும் நாடியை அமத்தாமல் தொட அவருக்குத் தெரிந்தது.

முதல் கிழமை தலைமைத் தாதி டெலிபோன் எடுத்து என்னிடம் தருவார். அண்ணை தமிழில் சொல்ல நான் டேனிஷில் சொல்வேன். எட்டாம் நாள் அண்ணை தானே கதைக்கப்போவதாகச் சொன்னார்.

"நானும் டேனிஷ் ஸ்கூலுக்குப் போனனான்தானே தங்கச்சி. நம்பர் தெரியும். ஒவ்வொரு நாளும் உங்களை மினக்கெடுத்தேலாது."

எனக்கும் அது சந்தோஷம். அவருடைய நிறை அறுபத்தொன்றுக்கும் அறுபத்துமூன்றுக்கும் இடையில்தான் நின்றது. அந்த மூன்று எண்களையும் டேனிஷில் எப்படிச் சொல்வது என்று டெலிபோனிலேயே மனப்பாடமாக்கிக் கொடுத்தேன். நாடி நாளுக்கு நாள் மாறும், அதை அவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில்தான் நான் கோட்டைவிட்டேன்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை. மாதத்தில் ஒரு முறை ஒரு டேனிஷ் கத்தோலிக்கக் கோவிலை எங்களுக்குத் தருவார்கள். அண்ணை பின் வாங்கில் இருந்தார். பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்குப் போக, அவர் எழும்பவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன்.

"என்னண்ணை, சாப்பிட்டனீங்களே?"

"சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளிக்குது. ரெண்டு மூண்டு நாளா இப்பிடித்தான்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சுவாமி ஏன் இண்டைக்கு மஞ்சள் உடுப்புப் போட்டவர்?" என்று கேட்டார்.

பூசை வைத்த சுவாமி வாசலில் நின்று ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். பூசை உடுப்பை இன்னும் கழற்றவில்லை. பால் மாதிரி வெள்ளை.

என் கை தானாக அவருடைய மணிக்கட்டுக்குப் போய்விட்டது. அவர் போடும் குளிசை உடம்பில் அளவு மிஞ்சினால் என்ன நடக்கும் என்று நான் சோதனைக்குப் படித்திருந்தேன். பசி போகும், ஓங்காளம் வரும், காண்பதெல்லாம் மஞ்சளாகும், நாடி விழும். ஒரு முழு நிமிடம் எண்ணினேன். நாற்பத்தாறு. இன்னொரு முறை எண்ணினேன். நாற்பத்தாறுதான்.

"காலமை நாடி எவ்வளவு அண்ணை?"

சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்துத் தந்தார். திகதி போட்டு ஒழுங்காக எழுதியிருந்தார். அறுபத்தாறு, அறுபத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, ஐம்பத்தாறு, நேற்று நாற்பத்தெட்டு, இன்று நாற்பத்தேழு.

"இதை அவையளுக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் சொன்னனான். 'ஃபின், நல்லது, குளிசையைப் போடு' எண்டு சொல்லுவினம். நான் போடுவன்."

"நேற்று என்னெண்டு சொன்னனீங்கள்? அப்பிடியே டேனிஷிலை சொல்லுங்கோ."

நிமிர்ந்து இருந்து, வகுப்பில் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னார்: "ஃபிரே-ஓ-ஃபியர்ஸ்."

எண்பத்துநாலு!

டேனிஷ்காரர் நாற்பத்தெட்டை எட்டும் நாற்பதும் என்று பின்னாலிருந்து சொல்வார்கள். அண்ணை கொப்பியில் இருந்ததை முன்னாலிருந்து வாசித்தார். முதலில் நாலு, பிறகு பத்தின் இடத்தில் எட்டு. கேட்பவர் காதில் அது நாலும் எண்பதும். ஐம்பத்தெட்டு எண்பத்தைந்தாகப் போயிருந்தது. ஐம்பத்தேழு எழுபத்தைந்தாகப் போயிருந்தது. விழுந்துகொண்டிருந்த நாடி, அங்கே தாளில் நல்ல சுகமாக இருந்தது.

"அண்ணை, இதிலை அசையாமல் இருங்கோ. பயப்பிட ஒண்டும் இல்லை, நான் போன் எடுத்திட்டு வாறன்."

கோவில் அலுவலக அறையில் டெலிபோன் இருந்தது. வாட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். அன்றைக்குக் கடமையில் இருந்த தாதி எடுத்தார்.

"இன்று காலை எழுபத்துநாலு என்று என் கையாலேயே எழுதினேன்" என்றார்.

"அது நாற்பத்தேழு. எண்ணைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். இப்போது நாற்பத்தாறு, நான் இரண்டு தரம் எண்ணினேன். வாந்தி வருகிறது, வெள்ளையை மஞ்சளாகப் பார்க்கிறார். குளிசை மிஞ்சிவிட்டது. அம்புலன்ஸ் அனுப்புங்கள், டொக்டரைக் கூப்பிடுங்கள்."

"நீ யார் பேசுவது?"

"உங்கள் வாட்டில் தரை துடைக்கிறவள். நேர்ஸ்."

அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்தக் கோவில், எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார்.

அம்புலன்ஸ் வந்ததும் அண்ணைக்கு ஒரே வெட்கம். "நான் நடந்து வருவன், சனம் பாக்குது" என்றார். "பாக்கட்டும்" என்று சொல்லி நானும் கூட ஏறினேன். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. குளிசையை நிறுத்தி, நெஞ்சில் வயர்கள் ஒட்டி, கட்டிலோடு வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பசிக்கிறது என்றார். நாலாம் நாள் தாதிகளின் உடுப்பு வெள்ளையாகத் தெரிவதாகச் சொன்னார்.

இதற்கிடையில் திங்கட்கிழமை காலை தலைமைத் தாதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் அந்தத் தாள் இருந்தது.

"வார நாட்களில் இதை எழுதியது நான்தான்" என்றார். "கேட்ட எண்ணை ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை."

"நாடி எண்ணப் பழக்கினேன், சொல்லப் பழக்கவில்லை. அது என் பிழை" என்றேன்.

தலைமைத் தாதி அந்தத் தாளை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு அவர், "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்டார். ஆறுதலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு முழுக்க யோசித்து முடித்திருந்தேன். எண்ணை ஒருவரும் முழுதாகச் சொல்லக் கூடாது. நாலு, எட்டு என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதே மாதிரித் திருப்பிச் சொல்லி, நோயாளி ஓம் என்ற பிறகுதான் எழுத வேண்டும். எண்களோடு நிறுத்தாமல், பசிக்கிறதா, கண்ணுக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா என்றும் கேட்க வேண்டும். அவர் ஒரு வரி விடாமல் எழுதினார். எழுதி முடித்ததும், "தினமும் ஒன்பதரையிலிருந்து அந்த டெலிபோன் உன் பொறுப்பு. தரையை அந்த நேரம் வேறு யாராவது துடைப்பார்கள்" என்றார்.

அப்படித் தொடங்கியது. அண்ணையோடு சேர்த்து ஆறு பேருக்கு எடுத்தேன், பிறகு பத்துப் பேருக்கு. துருக்கிக்காரர், பாகிஸ்தான்காரர் மட்டுமில்லை, காது மந்தமான டேனிஷ் முதியவர்களுக்கும் இலக்கம் இலக்கமாகச் சொல்வது பிடித்துப்போனது. குரலைக் கேட்டே யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் அளவுக்கு என் காது பழகியது. நான் சொன்னால் டொக்டர்மார் கேட்டார்கள். அடுத்த வருடம் மொழிச் சோதனை பாஸ் பண்ணி, வாட்டிலேயே பயிற்சி முடித்து, தாதி உடுப்புப் போட்டேன். அதற்கான கடிதத்தைத் தலைமைத் தாதி எழுதினார், நான் கேட்காமலே.

டொக்டரும் ஒரு கடிதம் எழுதினார். இந்த நோயாளி தனியாக இருப்பது ஆபத்து, குடும்பம் பக்கத்தில் வேண்டும் என்று. அந்தக் கடிதம் வேலை செய்ததா, அல்லது எல்லோருடைய கோப்புகளும் அசையத் தொடங்கிய நேரமா, எனக்குத் தெரியாது. ஒரு வசந்த காலத்தில் அண்ணையின் மனைவியும் இரண்டு மகள்மாரும் வந்து இறங்கினார்கள். அடுத்த திங்கள் ஒன்பதரைக்கு நான் எடுத்தபோது டெலிபோனில் பெண் குரல்.

"நீங்களோ அந்த நேர்ஸ் பிள்ளை?"

"ஓம் அக்கா. எப்பிடி இருக்கிறார்?"

"நாடி ஏழு, ரெண்டு. நிறை ஆறு, நாலு. இப்பிடித்தான் சொல்ல வேணுமெண்டு காலமை முழுக்கப் பழக்கினவர்." குரலைத் தாழ்த்தினார். "நேற்று ஒரு கிலோ கூடினதுக்குக் காரணம் சொல்லட்டே? ஒளிச்சு ஊறுகாய் சாப்பிடுறார். அதையும் எழுதுங்கோ."

பின்னால் அண்ணை ஏதோ சத்தம் போடுவது கேட்டது. நான் எழுதினேன். தாளைப் பார்த்த தலைமைத் தாதி அது என்ன சொல் என்று கேட்டார். உப்பு என்றேன். ரிசீவரைத் தரச் சொல்லி வாங்கி, அண்ணையைக் கூப்பிட்டு, டேனிஷில் ஒரு நிமிடம் விடாமல் ஏசினார். அதில் எவ்வளவு அவருக்கு விளங்கியதோ தெரியாது. புதன்கிழமை நிறை ஆறு, மூன்று.