காக்கா காட்டியவள்

தெரணியகலைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் புஷ்பலீலாதான் ஆயம்மா. பால் வெட்டப் போகும் தாய்மார் விடியுமுன்னே கொண்டுவந்து விடும் கைக்குழந்தைகளுக்கு அவள்தான் எல்லாம்.

ஒன்றரை வயது ஹன்சிகா அவள் இடுப்பிலிருந்தே பேச்சுப் பழகினாள். ஆயம்மா விரல் நீட்டும் பக்கமெல்லாம் திரும்பிப் பார்ப்பாள். பிறகு ஆயம்மாவின் முகத்தைப் பார்த்து காக்கா, பஸ், மழை என்று சொல்வாள்.

ஹன்சிகாவின் தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன காலையிலும் "அங்க பாரு, காக்கா!" என்று ஆயம்மாதான் விரலை நீட்டினாள். பிள்ளை திரும்பிய நேரத்தில் தாய் பின்கதவால் நழுவிவிட்டாள். அழவிடாமல் பிரிக்க அந்த மடுவத்தில் எல்லாரும் செய்வது அதுதான். பிள்ளை பொழுது சாயும்வரை தேடியது.

பிள்ளைகள் ஒருத்தியிடமே ஒட்டிக்கொள்ளக் கூடாதாம்! கந்தோரில் உட்கார்ந்து கணக்கெழுதும் எந்த மகராசனுக்கோ அப்படித் தோன்றியது. புஷ்பலீலாவை மேல்பிரிவு மடுவத்துக்கு மாற்றினார்கள். போகும்போது வேறு வழி தெரியாமல் அவளும் அதே இல்லாத காக்காவைத்தான் காட்டினாள்.

சில மாதம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவளைக் கண்டு ஹன்சிகா அழவில்லை, ஓடியும் வரவில்லை.

"ரொம்ப நல்ல புள்ளங்க அக்கா, சத்தமே போடாது. பேச்சும் நின்னுபோச்சு," என்றாள் புது ஆயா.

அப்போது வேலியில் நிசமாகவே ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. "கண்ணு, அங்க பாரு!" என்று புஷ்பலீலா ஆசையாக விரலை நீட்டினாள்.

பிள்ளை திரும்பவில்லை. புஷ்பலீலாவின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றது.