பெட்டியைப் பிடுங்கும் ஊர்

அந்தமானில், போர்ட் பிளேரில் நான் வளர்ந்த காலத்தில், மெயின்லாண்டு என்று நாங்கள் சொல்லும் இந்தியக் கரையிலிருந்து கப்பல் வந்த அன்று பள்ளிக்கூடம் பாதி காலியாக இருக்கும். எங்கள் குவார்ட்டர்ஸ் டெலானிபூர் மேட்டில். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் முதலில் எங்களுக்குத்தான் கேட்கும் என்று எங்கள் வரிசைக்கே ஒரு பெருமை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார். படகுப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அப்பா கிரீஸ் கையோடு அப்படியே வந்துவிடுவார். சொந்தக்காரர்கள் யாராவது வருகிறார்களா என்றால், ஒருவரும் வரமாட்டார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்குப் பிறகு யாரும் கப்பலேறவில்லை. ஆனாலும் போவோம். வெங்காயம் வந்திருக்கிறதா, பேப்பர் வந்திருக்கிறதா, புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

இறங்குகிறவர்களில் கூட்டிப்போக ஆளில்லாமல் விழித்துக்கொண்டு நிற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வேலை கிடைத்து வந்த கிளார்க், புருஷனைத் தேடி வந்த பெண், வடக்கே திக்லிபூரில் நிலம் கிடைத்த தம்பியிடம் போகிற வங்காளிப் பெரியவர். அவர்களைக் கண்டதும் யாராவது ஒருவர் போய்ப் பெட்டியைப் பிடுங்கிக்கொள்வார். பிடுங்குவதேதான். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்பதால் யாரும் கேட்பதில்லை. அவர்களும் மரியாதைக்கு ‘நஹீ நஹீ’ என்று பெட்டியைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். அவர்கள் இழுப்பதைவிட ஒரு பிடி கூடுதலாக நாம் இழுக்க வேண்டும், அது நம் மரியாதை. பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்து சாயா, குளிக்கத் தண்ணீர், போகிற இடத்துக்கு வழி. இப்படி வந்த ஒரு தெலுங்குக் குடும்பம் எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்க இருந்தது. யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்த ஊரில் எல்லோரும் என்றைக்கோ ஒருநாள் அந்த ஜெட்டியில், கப்பல் அணையும் மேடையில், பெட்டியோடு விழித்துக்கொண்டு நின்றவர்கள்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் இங்கிலீஷ் டீச்சர் ஒரு காரியம் செய்தார். பள்ளி மாணவர்களை ஒரு வருஷம் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கவைத்துப் படிக்கவைக்கும் திட்டம் ஒன்றை எங்கோ கேள்விப்பட்டு, என்னிடம்கூடக் கேட்காமல் என் பெயரை அனுப்பிவிட்டார். தேர்வு கல்கத்தாவில். அப்பாவோடு கப்பலில் போனேன். முன்பின் தெரியாதவர்களோடு எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் முன்பின் தெரிந்தவர்கள் என்று யாருமே கிடையாதே, என் வகுப்பு பெஞ்சில் வங்காளி, மலையாளி, ராஞ்சிக்காரி, நான் என்று உட்கார்ந்திருக்கிறோம், சண்டை போடுவதற்குக்கூட ஹிந்தியில்தான் போட வேண்டும் என்றேன். சிரித்தார்கள். எடுத்துக்கொண்டார்கள்.

டெலானிபூர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர், அமெரிக்காவும் ஒரு மெயின்லாண்டுதானே என்று, அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்ட தூரத்து உறவுகளுக்குப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தார்கள். மீதிப் பேர் அப்பாவுக்குப் புத்தி சொன்னார்கள். அதில் முதல் ஆள் எதிர் குவார்ட்டர்ஸ் மாமா. மதுரைக்காரர், அரசாங்க ஸ்டோர்ஸில் வேலை. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதனால் என் விஷயத்தில் தனக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைத்தார். என்னை வழியனுப்ப எல்லோரும் ஜெட்டிக்கு வந்திருந்தபோது, ஊர் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

“பொண்ணு போகும், வரும் அண்ணே. ஆனா வர்றது நம்ம பொண்ணா இருக்காது, பாத்துக்கங்க.”

அப்பா வாயில்லாப் பூச்சி. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூடத் தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிடுவார். அன்றைக்கு என்னவோ நிமிர்ந்து நின்றார்.

“எம் மவ போன மாதிரியே வருவா. வரலன்னா என்னையக் கேளும்.”

எனக்கு அழுகை வந்தது, கூடவே பயமும். ஒரு வருஷத்தை ஒழுங்காக முடிக்காமல் பாதியில் திருப்பி அனுப்பப்பட்டாலோ, முடித்துவிட்டுத் துரைசானியாக வந்து இறங்கினாலோ, இரண்டிலும் தலை குனியப்போவது அப்பா. அது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்த ஊரில் கடல் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை சோளம், சோளம் முடிகிற இடத்தில் வானம். என்னை ஏற்றுக்கொண்ட வீட்டின் அப்பா விவசாயச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வீட்டு அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். என் வயதில் ஒரு பெண், வந்த அன்றே தன் அலமாரியில் எனக்குப் பாதி ஒதுக்கிவிட்டாள். நல்ல மனிதர்கள். அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொடியை அவர்கள் தோட்டத்து உரம் என்று நினைத்துக் கொட்டகையில் வைத்ததை மட்டும் நான் மன்னிக்க நாளாயிற்று.

அந்த ஊருக்குத் தினமும் சாயங்காலம் ஒரு பஸ் வந்தது. பெட்ரோல் பங்க் முன்னால் நிற்கும். பள்ளிவிட்டு வரும் வழி அது. எனக்கு அந்த பஸ்ஸைப் பார்த்ததும்தான் மூச்சே வந்தது. வெளியூரிலிருந்து ஆள் வரும் இடம், அப்படியென்றால் அதுதான் இந்த ஊரின் ஜெட்டி. ஆச்சரியம் என்னவென்றால், பஸ் வந்தால் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் மட்டும் தினமும் போய் நின்றேன்.

ஒருநாள் ஒரு பாட்டியம்மா தனியாக இறங்கினார். பச்சைத் தொப்பி, கையில் பெரிய சூட்கேஸ். கூட்டிப்போக ஆளில்லை. இங்கும் அங்கும் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வேலை ஒன்றைச் செய்ய இப்போதுதான் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. ஓடிப்போய்ச் சிரித்துக்கொண்டே சூட்கேஸைப் பிடித்தேன். அவர் தன் பக்கம் இழுத்தார். ஆஹா, மரியாதை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு நான் ஒரு பிடி கூடுதலாக இழுத்தேன். அவர் வீலென்று கத்தினார். நம் ஊரில் இவ்வளவு மரியாதை யாரும் காட்டுவதில்லையே என்று நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

பெட்ரோல் பங்க் ஆள் ஓடிவந்தார், பின்னாலேயே போலீஸ்காரர். அந்தப் பாட்டியம்மா எங்கள் பள்ளி முதல்வரின் மாமியார் என்பது அப்புறம் தெரிந்தது. பிடித்தாலும் பிடித்தேன், புளியங்கொம்பாகப் பிடித்திருக்கிறேன்.

வீட்டு அப்பா வந்து என்னை அழைத்துப்போனார். வண்டியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எடுப்பதற்கு முன்னால் ஏன் கேட்கவில்லை என்று. கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே என்றேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

பள்ளியிலிருந்து, என்னை வரவழைத்த பரிமாற்றத் திட்டத்தின் அமைப்புக்குத் தகவல் போய்விட்டது. அந்த வட்டாரத்துப் பொறுப்பாளர் அம்மையார் நேரில் வந்து விசாரிப்பார், என்னால் பொருந்திப்போக முடியவில்லை என்று அவர் நினைத்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அதுவரை நான் பஸ் நிற்கும் பக்கம் போகவே கூடாது. இன்னொரு புகார் வந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. சத்தியம் செய்துகொடுத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் மாமா அப்பாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிற காட்சிதான் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

அந்த அம்மையார் சனிக்கிழமை காரில் வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்தது. பள்ளிவிட்டு அந்த வீட்டுப் பெண்ணும் நானும் சாலையின் எதிர்ப்பக்கமாக, பஸ் நிற்கும் பக்கம் தலையைத் திருப்பாமல் வந்துகொண்டிருந்தோம். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. போன சத்தமும் கேட்டது. திரும்பக் கூடாது என்றுதான் நினைத்தேன். திரும்பிவிட்டேன். ஒரு பெண்மணி இரண்டு பெட்டிகளோடு பனியில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

பார்க்காதே, வா என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கொஞ்ச தூரம் போனேன். எனக்கு நடக்க முடியவில்லை. கூட்டிப்போக ஆளில்லாமல் ஒருவர் நிற்கிறார், நான் பார்த்துவிட்டுப் போகிறேன். எங்கள் ஊரில் இப்படி ஒருத்தி போனாள் என்று தெரிந்தால் அப்பா என்ன சொல்வார்? அனுப்பினால் அனுப்பட்டும் என்று சாலையைக் கடந்தேன்.

இந்த முறை கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பெட்டியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று வாயால் கேட்டேன். “நோ, தேங்க் யூ” என்றார் அவர். நான் நினைத்தபடியேதான். பெட்டியைத் தொடவில்லை. போகவும் இல்லை. அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்த வீட்டுப் பெண்ணும் தலையிலடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். மூன்று பேர் மேலும் பனி விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் அவர், நீ யாருக்காக நிற்கிறாய் என்று கேட்டார். உங்களுக்காகத்தான், யாராவது வரும்வரை நிற்பேன், எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். எது உன் ஊர் என்றார். ஜெட்டியைச் சொன்னேன், கப்பல் சங்கைச் சொன்னேன், தெலுங்குக் குடும்பத்தைச் சொன்னேன், பச்சைத் தொப்பிப் பாட்டியம்மாவைக்கூடச் சொல்லிவிட்டேன். பல் தந்தியடிக்க அவ்வளவையும் சொல்லி முடித்தபோது, பனிக்குப் பயந்து காரை விட்டுவிட்டு ஒருநாள் முன்னதாகவே பஸ்ஸில் வந்துவிட்டதாகவும், இன்ன வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் அவர் சொன்னார். அது நான் இருந்த வீடு.

அவர் இரண்டில் சிறிய பெட்டியை என்னிடம் நீட்டினார்.

மறுநாள் காலை பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்த அம்மையார், நான் வருஷம் முழுக்க இருக்கலாம் என்றார். ஒரே நிபந்தனை, அமெரிக்காவில் இருக்கும்வரை முதலில் வாய், பிறகுதான் கை. அன்றைக்கு நான் சாப்பிட்ட அளவுக்குப் பான்கேக் சாப்பிட்ட ஆளை அந்த வீட்டில் யாரும் அதற்கு முன்னால் பார்த்திருக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு சில சாயங்காலங்களில் வீட்டு அப்பாவும் என்னோடு பஸ்ஸுக்கு வந்து, கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு பேசாமல் நிற்பார். முதல்வரின் மாமியார் மட்டும் கடைசிவரை மாறவில்லை. சர்ச்சில் என்னைக் கண்டால் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் எனக்குச் சந்தோஷமான வருஷம். பனியில் சறுக்கினேன், கணக்கில் முதலாவதாக வந்தேன், எதையும் கேட்டுவிட்டுச் செய்யப் பழகினேன். புறப்படும்போது வீட்டு அப்பா தன் அன்றைய பத்து வார்த்தைகளையும் எனக்கே செலவு செய்தார். வழியில் திருடர்கள் உண்டு, வீடு போய்ச் சேரும்வரை சூட்கேஸைக் கைவிடாதே என்பது அதன் சாரம். விமானத்தில், கல்கத்தா டாக்ஸியில், கப்பலில் எங்கும் நான் அதை விடவில்லை. அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன்.

கப்பல் சங்கு ஊதிக்கொண்டு போர்ட் பிளேருக்குள் நுழைந்தது. ஜெட்டியில் டெலானிபூர் முழுக்க நின்றது. அப்பா கிரீஸ் கையோடு நின்றார். நான் கீழே கால் வைத்த கணம் ஒரு கை வந்து என் சூட்கேஸைப் பிடுங்கியது. நான் என் பக்கம் இழுத்தேன். அந்தக் கை ஒரு பிடி கூடுதலாக இழுத்தது. நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நோ, தேங்க் யூ” என்றேன்.

எதிர் குவார்ட்டர்ஸ் மாமா கையை எடுத்துவிட்டார். முகம் எப்படியோ ஆகிவிட்டது. பிறகு மெல்ல அப்பா பக்கம் திரும்பினார்.

“என்னண்ணே, இப்பக் கேக்கலாமா?”

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. என் கையை, சூட்கேஸின் கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சைத் தொப்பிப் பாட்டியம்மா பிடித்திருந்ததும் அப்படித்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

எனக்குப் பின்னால் ஒரு வங்காளி மூதாட்டி தகரப் பெட்டியோடு இறங்கி, இங்கும் அங்கும் பார்த்தார். கூட்டிப்போக ஆளில்லை. நான் என் சூட்கேஸை மாமாவின் கையில் திணித்துவிட்டு அந்தத் தகரப் பெட்டியைப் பிடித்தேன். அவர் ‘நா நா’ என்று இழுத்தார். நான் ஒரு பிடி கூடுதலாக இழுத்தேன். அவர் விட்டுவிட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

அப்பா மாமாவைப் பார்த்தார்.

“இப்பக் கேளும்.”