லேமினேஷன் செய்த பி.ஏ. பட்டம்

சூடான பிளாஸ்டிக் வாசனை...

மெட்ராஸில் பாரிமுனைப் பக்கம் ஒரு சந்து. பெட்டி மாதிரி ஒரு மெஷின். ஒரு பக்கம் என் டிகிரி சர்ட்டிபிகேட் மெதுவாக உள்ளே போனது. மறுபக்கம் கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு வந்தது. கையில் வாங்கினால் இன்னும் சூடு.

"இனிமே தண்ணியில போட்டாகூட ஒண்ணும் ஆகாது சார்" என்றார் கடைக்காரர்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

எண்பதுகளின் ஆரம்பம். டிப்ளமா மெக்கானிக்கல் முடித்துவிட்டு, திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் அரக்கோணம் போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். நைஜீரியாவில் பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலீஷ் வாத்தியார் எடுக்கிறார்கள் என்று அப்போது ஒரே பேச்சு. போய் விசாரித்தேன். டிப்ளமா செல்லாது, டிகிரி இருந்தால்தான் விசா என்றார்கள்.

சரி, டிகிரிதானே... தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்தேன். மூன்று வருஷம். பாதிப் பாடம் ரயிலில் நின்றுகொண்டே படித்தது. சாயங்காலம் டுடோரியலில் கிராமர் வகுப்பு வேறு. பாஸ் செய்தேன், இன்டர்வியூவிலும் தேறினேன். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டின் பின்பக்கம் சர்க்கார் முத்திரை வாங்கி, இருபது நாளுக்குள் விசாவுக்குக் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

என் நைனாவுக்கு விசைத்தறி ஷெட்டில் வேலை. புதுக் கணக்கு நோட்டு போட்டாலும், கல்யாணப் பத்திரிகை அடித்தாலும், நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்து மலைக்கோயிலுக்கு எடுத்துப் போவார். சர்ட்டிபிகேட் தபாலில் வந்த அன்றே கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"குட்றா. நாலு மூலையில தொட்டு வெச்சு, சாமி கால்ல வெச்சு எடுத்தாந்துட்றேன்."

"இது இன்னா கல்யாணப் பத்திரிகையா நைனா? கறை பட்டா அவன் தூக்கிப் போட்டுடுவான். உனக்கு இதெல்லாம் புரியாது."

அவர் கிண்ணத்தை அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள்தான் நான் லேமினேஷன் செய்து வந்தது. "இப்ப வெச்சுக்கோ, எவ்ளோ வேணுமோ வெச்சுக்கோ" என்று கொடுத்தேன். மலைக்குப் போய் வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள். அவர் கண்ணெதிரிலேயே துணியால் ஒரு துடைப்பு துடைத்து, "பாத்தியா, போயிடுச்சு" என்று சிரித்தேன்.

எனக்குப் பயமெல்லாம் தபால் வழி டிகிரியை ஒத்துக்கொள்வார்களா என்பதுதான். முத்திரை போடும் ஆபீஸில் இருந்தவர் நிதானமாகப் படித்தார்.

"தபால் வழியா? பரவாயில்ல, செல்லும்."

எனக்கு மூச்சு வந்தது. அவர் திருப்பினார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது? முத்திரைய எங்க குத்தறது? உன் நெத்தியிலயா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். இருந்தாலும் ஒரு தடவை குத்திக் காட்டினார், மனுஷன். மை வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பேப்பர் மேலதான் போடணும். பிரிச்சு எடுத்துகினு வா, போட்டுத் தரேன்."

பிளாஸ்டிக் சூட்டில் ஒட்டியது, சூட்டில் பிரியும். டிப்ளமா படித்தவனுக்கு யார் சொல்ல வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டேன். அக்கா தடுத்தாள்.

"டேய், அந்தக் கடைக்காரங்கிட்டயே கேளுடா. நாளைக்குப் போனா இன்னா?"

"இன்னும் எட்டு நாள்தான்கா இருக்குது. நீ ஓரத்தைப் புடி, போதும்."

மேலே துணி போட்டுத் தேய்த்தேன். ஓரம் நெகிழ்ந்தது. இழுத்தேன்... கொஞ்சம் வந்தது. நின்றிருக்கலாம். இன்னும் இழுத்தேன். பிளாஸ்டிக்கோடு பேப்பரின் மேல்தோலும் உரிந்து வந்தது. பல்கலைக்கழக முத்திரை, கையெழுத்து, என் பேரில் பாதி, எல்லாம் அந்தப் பக்கம். என் கையில் வெறும் பஞ்சு மாதிரி ஒரு தாள்.

நைனா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற வாங்க முடியாதா?"

"டூப்ளிகேட் வர ஆறு மாசம் ஆவும்."

"ஆங்" என்றார். அவ்வளவுதான்.

என்னோடு தேறியவர்கள் கிளம்பிப் போனார்கள். டூப்ளிகேட் கைக்கு வந்தபோது ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நான் லேத்திலேயே நின்றேன், ரிட்டயர் ஆகும் வரை.

சர்ட்டிபிகேட் உரிந்த அந்த வாரமே ஒரு நாள் காலை, ஸ்டேஷன் எதிரே டீக்கடை வாசலில் நைனா குரல் கேட்டு நின்றேன். உள்ளே ஷெட்டு ஆட்களோடு உட்கார்ந்திருந்தார்.

"பையன் மேல தப்பு இல்லப்பா. அவன் பத்திரமாத்தான் வெச்சுகினு இருந்தான். நான்தான் மஞ்சத் தண்ணிய ஊத்தி எழுத்த அழிச்சுட்டேன்."

"யோவ், உனக்கு அறிவு கீதா? இங்கிலீஷ் பேப்பர்ல போயி மஞ்சளா வெப்ப?"

"அது இருந்தா நான் ஏன் தறி ஓட்டிகினு கீறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் உள்ளே போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரயில் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

பிறகு சாகும்வரை அவரை அந்தப் பேச்சு விடவில்லை. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கே போனாலும் 'மகன் வேலையைக் கெடுத்த மஞ்சள்காரர்'. நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அக்கா பேரன் வியட்நாமுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறான். சர்ட்டிபிகேட்டை போனில் படம் பிடித்தான், அனுப்பினான். முத்திரை வேலையை ஏஜென்ட் ஆளே வந்து வாங்கிப் போய் முடித்துக் கொடுத்துவிட்டான். நான் அலைந்து கோட்டை விட்டதெல்லாம் அவனுக்கு வீட்டில் இருந்தபடியே முடிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் கேட்டான்.

"தாத்தா, நீங்களும் போக வேண்டியதாமே? கொள்ளுத் தாத்தா மஞ்சள் வெச்சுக் கெடுத்துட்டாராமே?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமாம்பா" என்றேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

புதன்கிழமை அவனுக்கு பிளைட். ஏர்போர்ட் வரைக்கும் நானும் போகிறேன்... வண்டியில் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.