ஒஸ்லோவில் ஆறு இலக்கத்துக்காகக் காத்திருந்தோம்

மச்சாளின் மூத்த மகளுக்கு ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை கல்யாணம். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை; ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் இருக்கிறா. எனக்கு லண்டனில் பள்ளிக்கூடச் சமையலறை வேலை. ஆகஸ்டில் விடுமுறைதான். ஆகவே வியாழன் போய் ஞாயிறு திரும்புவது என்று டிக்கெட் எடுத்தோம். நான்கு நாள் ஒஸ்லோவில் என்ன பார்க்கலாம் என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் பார்த்தது கொஞ்சம், பயந்ததுதான் அதிகம்.

எங்கள் கதையைச் சொன்னால்தான் பிறகு வருவது விளங்கும். நான் பிரித்தானியக் குடியுரிமை எடுத்துவிட்டேன். இவர் எடுக்கவில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டும், லண்டனில் நிரந்தரமாக இருக்கும் உரிமையும் வைத்திருக்கிறார். முன்பு அந்த உரிமைக்கு ஒரு அட்டை இருந்தது. சட்டைப் பையில் வைக்கலாம், கேட்டால் எடுத்துக் காட்டலாம். எங்கள் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. இனி எல்லாம் இணையத்தில்தான், அட்டை தேவையில்லை என்றார்கள். காலாவதியான வங்கி அட்டைகளை வெட்டும்போது இவருடைய அந்த அட்டையையும் சமையலறைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டியவள் நான்தான். இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

நோர்வேக்கு வர எனக்கு விசா வேண்டாம். இவருக்கு வேண்டும். சரியாக நான்கு நாளுக்குக் கொடுத்தார்கள், வியாழன் முதல் ஞாயிறு வரை. ஒரு நாள் கூட்டிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அப்போதே புறுபுறுத்தேன்.

கார்டெர்முவன் விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். சாதாரண ரயிலில் நகர மத்திக்கு இருபத்து மூன்று நிமிடம், ஆளுக்கு ஏறத்தாழ 130 குரோனர். விரைவு ரயில் இரண்டு மூன்று நிமிடம்தான் மிச்சம் பிடிக்கும், கட்டணமோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. மத்தியிலிருந்து ஐந்தாம் இலக்க மெட்ரோ, வெஸ்ட்லிக்கு அரை மணிக்கூடு அளவில். அதுதான் கடைசி நிலையம். நித்திரை கொண்டாலும் இறக்கிவிடுவார்கள். ஸ்டோவ்னர் தாண்டியதும் பெட்டியில் பாதிப் பேர் எங்கள் நிறம். இவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் மலர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒபரா மண்டபத்துக்குப் போனோம். அதன் கூரை தண்ணீர்க் கரையிலிருந்து சரிவாக ஏறுகிறது. இலவசமாக மேலே நடந்து போகலாம். வெள்ளைக் கல், மழை பெய்தால் வழுக்கும், நல்ல சப்பாத்து அவசியம். மேலே நின்று படமெடுத்துக்கொண்டிருந்தபோது விமான நிறுவனத்தின் செயலியில் ஒரு செய்தி வந்தது. இவருடைய பிரித்தானிய உரிமையை உறுதிப்படுத்த முடியவில்லை, ஞாயிறு பயணத்துக்கு இணையச் சான்றுக் குறியீடு காட்ட வேண்டும் என்று.

நான் பெரிதாக எடுக்கவில்லை. அங்கேயே கல்லில் குந்தியிருந்து அரசாங்கப் பக்கத்தைத் திறந்தேன். பதிவு செய்த தொலைபேசிக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், அதைப் பதியவும் என்றது. அந்தத் தொலைபேசி இலக்கம் 47 இல் முடிகிறதாம். என்னுடைய தொலைபேசி 12 இல் முடியும். இவருடையது 80.

47 குகன் அண்ணையின் இலக்கம்.

குகன் அண்ணையைப் போல ஒருவர் லண்டனில் எங்கள் சனம் இருக்கும் ஒவ்வொரு பகுதியிலும் இருப்பார். வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஊராருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பார். நாங்களும் அரசாங்கக் கடிதம் வந்தால் உறையைப் பிரிக்காமலே அவரிடம் கொண்டு ஓடுவோம். அட்டைக்குப் பதிலாக வந்த இணையக் கணக்கை இவருக்குத் திறந்தவரும் அவர்தான். சுலபமாக இருக்கட்டும் என்று தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டார். எத்தனை குடும்பங்களுக்கு இப்படிச் செய்திருப்பார் என்று நினைக்கவே தலை சுற்றுகிறது. விசாவுக்குப் போட்டபோதும் அவர்தான் குறியீடு எடுத்துத் தந்தார். அது தொண்ணூறு நாளைக்குத்தான் செல்லும். முடிந்து எட்டு நாளாகியிருந்தது. விசாவுக்காக இவர் புதிதாக எடுத்த பாஸ்போர்ட்டும் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

குகன் அண்ணையோ நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார்.

அரசாங்கத்தின் உதவி எண்ணுக்கு எடுத்தேன். இருபத்தாறு நிமிடம் இசை. பிறகு ஒரு பதிவுக் குரல் விபரங்கள் எங்கள் இணையப் பக்கத்தில் உள்ளன என்று சொல்லி வைத்துவிட்டது. அந்தப் பக்கத்துக்குள் போக முடியாததால்தானே எடுத்தேன். வரி கட்டுகிறேன், வாக்குப் போடுகிறேன், அவர்களுடைய பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு அவிக்கிறேன். என் புருசனை வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்க ஒரு மனிதக் குரல் இல்லை. கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு ஒரு திறக்காத கதவைத் தந்திருக்கிறார்கள்.

கீழே வீதியில் ஒரு பொலிஸ் வாகனம் மெதுவாகப் போனது. அது தன் பாட்டுக்குத்தான் போனது. இவர் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை ஏத்தாட்டி, திங்கள் விடிய நான் இஞ்சை கள்ளமாய் நிக்கிற ஆள். விளங்குதே?" என்றார்.

"அப்பிடி ஒண்டும் நடக்காது."

"நீர் நிக்கலாம். என்னைத்தான் பிடிப்பினம்."

உண்மை அதுதான். முப்பது வருசம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள், திங்கள் காலை ஒருவர் சுற்றுலாப் பயணி, மற்றவர் குற்றவாளி. கோட்டையும் அருங்காட்சியகமும் பார்க்கும் திட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வெஸ்ட்லிக்குத் திரும்பினோம். ஒற்றைப் பயணச் சீட்டு 44 குரோனர், ஒரு மணி நேரம் செல்லும்.

மச்சாளின் இளைய மகள் நிலா நோர்வேயில் பிறந்தவள், தாதியாக வேலை செய்கிறாள். கல்யாண வீட்டு அமளிக்குள் அவளிடம் மட்டும் விசயத்தைச் சொன்னேன். அவளுக்கு விளங்கவே இல்லை.

"மாமி, எங்களுக்கு பாங்க்-ஐடி ஒண்டுதான். இணையத்திலை எதைத் திறக்கிறதெண்டாலும் அதுதான். அவையளிட்டை மாமாவின்ரை பேர் இருக்குத்தானே? பிறகு ஏன் மாமா நிரூபிக்கோணும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன், பிள்ளை."

"ஆரோடையும் கதைச்சனீங்களோ?"

"கதைக்கிறதுக்கு அங்கை ஆள் இல்லை."

சனிக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்ததாம். நான் தாலி கட்டும்போதும் தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் தாய்மாமன், மேடையில் நிற்க வேண்டியவர். பட்டு வேட்டியோடு, கக்கத்தில் எப்போதும் கொண்டு திரியும் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றையும் வைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் எங்கள் எல்லாப் பத்திரங்களின் பிரதியும் இருக்கும். படமெடுப்பவர் கீழே வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை. வேறு நாளென்றால் நக்கலடித்தே கொன்றிருப்பேன்.

மாலை நான்கு மணிக்குக் குகன் அண்ணை வாட்ஸ்அப்பில் பிடிபட்டார். பின்னால் மேளச் சத்தம்.

"ஐயோ தங்கச்சி, அந்தச் சிம் லண்டனிலை மேசை லாச்சியுக்கை கிடக்கு. நான் இஞ்சத்தைச் சிம்தான் போட்டிருக்கிறன்."

"இப்ப என்ன அண்ணை செய்யிறது?"

"மனிசி என்னோடை வரேல்லை, லண்டனிலைதான். ஆனா வேலைக்குப் போட்டா. நாளைக்குக் காலமைதான் எடுப்பா. அவவுக்கு இதொண்டும் தெரியாது, பொறுமையாச் சொல்லுங்கோ."

ஞாயிறு. விமானம் மாலை 6.20க்கு. காலை பதினொன்றரைக்கு நிலா மடிக்கணினியைத் திறந்து சமையலறை மேசையில் இருந்தாள். லண்டனில் குகன் அண்ணையின் மனைவி பழைய தொலைபேசி ஒன்றில் சிம்மைப் போட்டு, ஒலிபெருக்கியில் எங்களோடு. ஆறு இலக்கம் பத்து நிமிடம்தான் உயிரோடிருக்கும். முதல் தடவை அவ கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை செய்தியே வரவில்லை. இன்னும் ஒரு தடவை பிழை விட்டால் இருபத்து நான்கு மணித்தியாலம் கணக்கைப் பூட்டுவோம் என்று திரையில் எழுதியிருந்தது.

மூன்றாம் தடவை வந்தது. அவ ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க நிலா அடித்தாள். பக்கம் திறந்தது. உடனே, கணக்குத் திறந்தபோது இருந்த பாஸ்போர்ட்டின் இலக்கத்தைக் கேட்டது. பழைய பாஸ்போர்ட் லண்டனில் இருந்தது. கோப்பைத் திறந்து தேடுவோம் என்று நான் கையை நீட்டினேன்.

இவர் கோப்பைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி எழுத்தையும் ஏழு இலக்கத்தையும் ஒரு மூச்சில் சொன்னார். சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல. எத்தனை வருசமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. அழுகை வந்தது எனக்கு.

குறியீடு ஒருவழியாகக் கிடைத்தது. விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் அதை இரண்டு தடவை அடித்துப் பார்த்தா, பாஸ்போர்ட் இலக்கம் வேறாக இருக்கிறதே என்றா, யாருக்கோ தொலைபேசி எடுத்தா. நாற்பது நிமிடம் ஓரமாக நின்றோம். இவர் கோப்பிலிருந்து ஒவ்வொரு பிரதியாக எடுத்து வைத்தார். கடதாசி ஒன்றும் தேவையில்லை என்று அவ மரியாதையாகத் திருப்பித் தள்ளினா. கடைசியில் தலையாட்டி விட்டா. லண்டனில் குடிவரவு அதிகாரி பாஸ்போர்ட்டை வைத்து, திரையைப் பார்த்து, பத்து விநாடியில் போகச் சொல்லிவிட்டார். எல்லாம் அவருக்கு முன்னால் இருந்தது. முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலிலும் உங்கள் கையில் இருக்கும் தொலைபேசியிலும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் அதே கிழமை சேருங்கள். குறியீட்டைப் புறப்பட முதல் எடுத்து, திரையைப் படமும் பிடித்து வையுங்கள். படிவம் நிரப்பித் தரும் அண்ணையைக் கோபிக்காதீர்கள். அவர் செய்வது ஒரு அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. விமான நிலையத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். ஒபரா கூரையில் ஏறுங்கள், தொலைபேசியை அணைத்துவிட்டு.

நோர்வேயிலேயே ஸ்தவாங்கரில் இருக்கும் நண்பர் அடுத்த கோடைக்கு வரச் சொல்லியிருக்கிறார். "நீர் போட்டு வாரும்" என்கிறார் இவர்.

போன கிழமை உடுப்புத் தோய்க்க இவருடைய சட்டைப் பையைத் தட்டினேன். அந்த அட்டை இருந்தது. நான் வெட்டிய இரண்டு துண்டையும் குப்பையிலிருந்து எடுத்து இத்தனை நாளும் எங்கேயோ வைத்திருந்திருக்கிறார். இப்போது செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். காலம் முடிந்த அட்டை. எங்கும் செல்லாது. சட்டையைத் தோய்த்துக் காயவைத்து, அட்டையைத் திரும்ப அதே பையில் வைத்தேன்.